கணக்கு வரும் என்று விண்ணப்பத்தில் காட்டுவது எப்படி? அமெரிக்க மேற்படிப்புக்குப் போகும் கலை, வணிகவியல் பட்டதாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.ஏ., பி.காம்., பி.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு அமெரிக்காவில் பொதுக் கொள்கை, பொது நிர்வாகம், பன்னாட்டு உறவு, வளர்ச்சியியல் போன்ற முதுகலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பி.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு அப்படிப் போனவள்தான். திரும்பி வந்த பிறகு, ஆகஸ்ட் பிறந்தால் போதும், தெரிந்தவர்களின் தம்பி தங்கைகள் எஸ்.ஓ.பி.யை, அதாவது படிப்பின் நோக்கத்தைச் சொல்லும் கட்டுரையை, அனுப்பி "அக்கா, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். எழுத்து நன்றாகவே இருக்கும். கணக்கு என்ற இடம் வந்ததும் பேனா தடுமாறும். கேள்விகளும் வருடா வருடம் அதேதான் என்பதால் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கொள்கைப் படிப்புக்குக் கணக்கு எதற்கு? சமூகம், அரசியல் பற்றித்தானே படிக்கப் போகிறோம்?

முதல் செமஸ்டரிலேயே புள்ளியியலும் நுண்ணினப் பொருளியலும் கட்டாயப் பாடமாக வந்து நிற்கும். அடுத்த செமஸ்டரில் ரெக்ரெஷன். நம் பாடநூல்களில் தொடர்புப் போக்கு என்று படித்தோமே, அதேதான். ஆனால் இங்கே கால்குலேட்டருக்குப் பதில் ஸ்டேட்டாவோ ஆர் மென்பொருளோ இருக்கும். அநேகமாக எல்லாக் கொள்கைப் பள்ளிகளிலும் இந்த வரிசையில் பெரிய மாற்றம் இருக்காது.

எனவே விண்ணப்பத்தைப் படிப்பவரின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இவர் அந்த முதல் செமஸ்டரில் தாக்குப் பிடிப்பாரா? அவர்கள் ராமானுஜனைத் தேடவில்லை. பாதியில் திணறி, மற்ற பாடங்களையும் கோட்டை விடுகிற ஒருவரை உள்ளே எடுத்துவிடக் கூடாதே என்ற பயம்தான் அவர்களுக்கு. அந்தப் பயத்தைப் போக்குவதுதான் உங்கள் வேலை. கீழே நான் சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு 98. அது போதாதா?

போதாது. கோபம் வரும், எனக்கும் வந்தது. நம் பிளஸ் டூ கணக்கில் அணிகள், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல் என்று அங்கே கல்லூரி முதல் வருடத்தில் நடத்தும் விஷயங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனாலும் அவர்கள் பார்ப்பது கல்லூரி டிரான்ஸ்கிரிப்டைத்தான். பள்ளி மதிப்பெண் பெரும்பாலும் அவர்கள் மேசைக்கே போகாது.

அதற்காக அதை அடியோடு மறைத்து வைக்கவும் வேண்டாம். "பள்ளி இறுதி ஆண்டில் நுண்கணிதம் படித்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுத இடம் கிடைத்தால் எழுதுங்கள். முழு பாரத்தையும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

டிரான்ஸ்கிரிப்டில் "அலைடு பேப்பர் 2" என்று மட்டும் இருக்கிறது. உள்ளே முழுக்கப் புள்ளியியல். இது யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாது, நாம் சொன்னால் ஒழிய. நம் ஊர் விண்ணப்பங்களில் வீணாகப் போகும் சொத்து இதுதான். பி.காம். படித்த பலர் "எனக்குக் கணக்கே கிடையாது அக்கா" என்று ஆரம்பிப்பார்கள். பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் வணிகப் புள்ளியியல் ஒரு தாள், வணிகக் கணிதம் ஒரு தாள், காஸ்ட் அக்கவுண்டிங், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று வரிசையாக இருக்கும். பி.ஏ. பொருளாதாரத்திலும் புள்ளியியல் முறைகள், கணிதப் பொருளியல் என்று இருக்கும். சமூகப்பணி, உளவியல் படித்தவர்களுக்கு ஆராய்ச்சி முறையியல் தாளில் பாதி புள்ளியியல்தான்.

இப்படிச் செய்யுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய சிலபஸ் பிடிஎஃப்பைத் தேடி எடுங்கள். நீங்கள் படித்த வருடத்துக்கான ரெகுலேஷன்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன தலைப்புகள் நடத்தப்பட்டன, என்ன மதிப்பெண் வாங்கினீர்கள். "அலைடு 2: திட்டவிலக்கம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, குறியீட்டெண்கள், நிகழ்தகவு, 100க்கு 71" என்பது "அலைடு பேப்பர் 2" என்பதைவிட எத்தனையோ மடங்கு பேசும்.

மதிப்பெண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. நம்மிடம் 60 சதவீதம் என்றால் முதல் வகுப்பு, 75 என்றால் டிஸ்டிங்ஷன். அங்கே பழகிய கண்ணுக்கு 71 என்பது சுமாரான மாணவரின் மதிப்பெண். இந்திய விண்ணப்பங்களை நிறையப் பார்த்த சேர்க்கைக் கமிட்டிக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்திருக்கும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம். வகுப்பில் எத்தனையாவது இடம், முதல் மதிப்பெண் எவ்வளவு என்பதைப் பரிந்துரைக் கடிதத்தில் ஆசிரியரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அவர் சொன்னால்தான் அதற்கு எடை.

தனியாக ஒரு "குவான்ட் ரெஸ்யூமே" கேட்கிறார்களாமே?

ஆமாம், சில இடங்களில். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு, பொது விவகாரப் பள்ளியான சிபா, வழக்கமான ரெஸ்யூமே தவிர, கணக்குப் பின்னணியையும் மொழித் திறனையும் தனியாகக் காட்டும் இன்னொரு ரெஸ்யூமேயையும் கேட்டு வந்திருக்கிறது. இதை நிறையப் பேர் கடைசி இரவில்தான் கவனிக்கிறார்கள். அப்புறம் பழைய ரெஸ்யூமேயையே பெயர் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். கேட்காமலே கிடைத்த ஒரு வாய்ப்பு அப்படியே போகிறது.

இதில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும். முதலில் மேலே சொன்ன பாடப் பட்டியல், இரண்டிரண்டு வரி விளக்கத்தோடு. அடுத்து, வேலையில் எண்களோடு என்ன செய்தீர்கள் என்பது. கடைசியாக மென்பொருள். மென்பொருள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். "எக்செல், ஸ்டேட்டா, ஆர், பைதான், எஸ்.பி.எஸ்.எஸ்., டேப்லோ" என்று ஒரே மூச்சில் அடுக்கியவரின் விண்ணப்பத்தைப் பார்த்தேன். பைதானில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "இன்ஸ்டால் பண்ணியிருக்கேன்" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். கமிட்டிக்காரர் சிரிக்க மாட்டார். எக்செல் மட்டும்தான் தெரியும் என்றால் எக்செலை மட்டும் போடுங்கள். பிவட் டேபிள் போட்டேன், இரண்டு பட்டியல்களை லுக்-அப் வைத்து இணைத்தேன் என்று செய்ததை எழுதுங்கள்.

தனி ரெஸ்யூமே கேட்காத பள்ளிக்கும் இதைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவரிடம் கொடுக்க உதவும். எஸ்.ஓ.பி.க்கும் சரக்கு இதிலிருந்துதான் வரும்.

ஜி.ஆர்.இ. குவான்ட் எவ்வளவு வாங்கினால் நல்லது?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஜி.ஆர்.இ. என்பது மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு, குவான்ட் அதன் கணக்குப் பகுதி. குவான்ட் மதிப்பெண் 130இலிருந்து 170 வரை. உலகம் முழுக்க எழுதுபவர்களின் சராசரியே 150களின் பிற்பகுதியில் இருக்கிறது. பொறியியல்காரர்கள் கூட்டமாக எழுதுவதால் அப்படி. ஆகவே 160 என்பது நம் ஆட்கள் நினைப்பதுபோல் பெரிய மதிப்பெண் இல்லை, நடுவில் நிற்கிற மதிப்பெண். கொள்கைப் படிப்புக்குக் கலைப் பட்டதாரி ஒருவர் 160ஐத் தாண்டினால் சந்தேகம் பெருமளவு குறையும் என்பது என் கணிப்பு. 165 வந்தால் அந்தப் பேச்சே எழாது. 150க்குக் கீழே என்றால், கட்டாயம் இல்லாத பள்ளிகளுக்கு அந்த மதிப்பெண்ணை அனுப்பாமல் விடுவதே நல்லது.

2023 செப்டம்பரில் இருந்து தேர்வு சுருங்கிவிட்டது: மொத்தமே 1 மணி 58 நிமிடம். குவான்ட் இரண்டு பகுதி. முதலில் 21 நிமிடத்தில் 12 கேள்வி, அடுத்து 26 நிமிடத்தில் 15 கேள்வி. முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். திரையில் கால்குலேட்டர் உண்டு. திரிகோணமிதியும் நுண்கணிதமும் கிடையாது. எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவு விளக்கம் அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக் கணக்கு என்று சொல்லலாம். மாட்டிவிடுவது கேள்வி கேட்கும் விதம்.

ஒன்றைப் பார்ப்போம். ஒப்பிடும் வகைக் கேள்வி: ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றுகிறார்கள், பிறகு அந்தப் புது விலையில் 20 சதவீதம் குறைக்கிறார்கள். அளவு அ, ஆரம்ப விலை. அளவு ஆ, கடைசி விலை. எது பெரிது? அவசரத்தில் "இரண்டும் சமம்" என்று கை போகும். 100 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள்: 120 ஆகிறது, 120இல் 20 சதவீதம் 24, மிச்சம் 96. ஆரம்ப விலைதான் பெரிது. ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வாரம் கடையில் விலைச்சீட்டு மாறுவதைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கம்தான். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் சுமார் 1 நிமிடம் 45 வினாடி கிடைக்கும். தேர்வு நடத்தும் இ.டி.எஸ். இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றைத் தயாரிப்பின் ஆரம்பத்திலேயே எழுதிவிடுங்கள், இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் எழுதுங்கள். கோச்சிங் சென்டரின் மாதிரித் தேர்வில் வரும் மதிப்பெண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

மதிப்பெண் 5 வருடம் செல்லும். 21 நாள் இடைவெளி விட்டுத் திரும்ப எழுதலாம். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

ஜி.ஆர்.இ. கட்டாயம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். விட்டுவிடலாமா?

டிரான்ஸ்கிரிப்டில் கணக்கு நிறைய இருந்து, மதிப்பெண்ணும் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். தமிழ் இலக்கியமோ வரலாறோ படித்தவர் என்றால், என் கருத்தில், எழுதுங்கள். கட்டாயம் இல்லை என்பதற்கு "மற்ற ஆதாரம் இருந்தால் கட்டாயம் இல்லை" என்று அர்த்தம் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஆன்லைன் சான்றிதழ்களை மதிக்கிறார்களா?

எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. வீட்டில் உட்கார்ந்து வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, வினாடி வினாவை மூன்றாவது முயற்சியில் தாண்டி வாங்கிய சான்றிதழுக்கு ஆர்வத்தைக் காட்டும் மதிப்பு மட்டும் உண்டு. கண்காணிப்போடு நடந்த தேர்வு, அதில் ஒரு மதிப்பெண் என்று இருந்தால் அது வேறு ரகம்.

அந்த வகையில் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது என்.பி.டெல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்துவது. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் தேர்வுக்கு 75 சதவீதம், வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25. மதுரையிலோ கோவையிலோ ஒரு கம்ப்யூட்டர் லேபில் அடையாள அட்டையைக் காட்டி உட்கார்ந்து எழுதியது என்பதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். என்.பி.டெல் என்ற பெயர் அமெரிக்கக் கமிட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம், ஐ.ஐ.டி. தெரியும்.

வளர்ச்சியியல் பக்கம் போகிறவர்களுக்கு எம்.ஐ.டி.யின் மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் பாடத்தொகுப்பு ஒன்று இருக்கிறது: தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு பற்றியது. 2019இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இதைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள். தேர்வு கண்காணிப்போடு நடக்கும். கட்டணம் வருமானத்தைப் பொறுத்து மாறும். அதிலுள்ள புள்ளியியல் பாடத்தைச் சுலபம் என்று நினைத்து இறங்க வேண்டாம், நுண்கணிதம் ஓரளவு கையில் இருக்க வேண்டும்.

நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் ஆரம்பித்த ஆன்லைன் தரவு அறிவியல் பட்டப்படிப்பின் அடித்தள நிலை. கணக்கு இரண்டு தாள், புள்ளியியல் இரண்டு தாள், பைதான் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். பட்டம் முழுக்க முடிக்காமல் அந்த நிலையோடு வெளியே வரலாம்.

சும்மா கற்றுக்கொள்ள வேண்டும், சான்றிதழ் பற்றிக் கவலையில்லை என்றால் எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரில் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித வகுப்புகள் இருக்கின்றன. சாக்பீஸும் கரும்பலகையும்தான். அவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு அணிகளைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

புள்ளியியலில் அரியர் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

எனக்கும் இருந்தது. மூன்றாம் செமஸ்டர் புள்ளியியல் தாள், முதல் தடவை 31. அந்த வருடம் எங்கள் துறையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை. கடைசி மாதம் வேறு துறையிலிருந்து ஒருவர் வந்து நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கதையை எஸ்.ஓ.பி.யில் ஒரு பக்கம் எழுதினேன். என் சீனியர் ஒருவர் படித்துவிட்டு முழுவதையும் அடித்தார். "கல்லூரி மேல குறை சொல்ற மாதிரி இருக்கு, நீ என்ன பண்ணினேன்னு எங்கேயும் இல்லையே" என்றார்.

அவர் சொன்னபடி மூன்று வாக்கியமாகக் குறைத்தேன். அந்தத் தாளில் முதல் முறை தேறவில்லை. அடுத்த செமஸ்டரில் எழுதி 68 வாங்கினேன். பிறகு வெளியில் ஒரு புள்ளியியல் பாடம் படித்து, கண்காணிப்போடு நடந்த தேர்வில் 84 வாங்கினேன். காரணம் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. எண்கள் ஏறுவரிசையில் இருந்தன, அதுவே பேசிவிட்டது.

அரியர் இருந்ததை மறைக்கலாமா என்று கேட்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்டில் எத்தனையாவது முயற்சி என்று பல பல்கலைக்கழகங்கள் அச்சடித்தே கொடுக்கின்றன. கூடுதல் விளக்கம் எழுத விண்ணப்பத்தில் தனியிடம் இருந்தால் அங்கே எழுதுங்கள், எஸ்.ஓ.பி.யை இதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

எஸ்.ஓ.பி.யில் கணக்குத் திறனை எப்படி எழுதுவது?

"சிறு வயதிலிருந்தே எண்கள் மீது எனக்குத் தீராத காதல்" என்ற வாக்கியத்தை இதுவரை எத்தனை பேருக்கு அடித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. காதல் இருக்கட்டும். என்ன செய்தீர்கள்?

ஒரு பெண் சுயஉதவிக் குழுக்களோடு வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருடம் இருந்தவர். முதல் வரைவில் எழுதியிருந்தது: "தரவுப் பகுப்பாய்வில் வலுவான திறன் கொண்டவள், குழுக்களின் தரவுகளைக் கையாண்டேன்." என்ன கையாண்டீர்கள் என்று போனில் கேட்டேன். சொல்லச் சொல்ல அது இப்படி ஆனது: "மூன்று ஒன்றியங்களில் 48 குழுக்களின் கடன் தவணைப் பதிவுகள் நோட்டுப் புத்தகங்களில் இருந்தன. அவற்றை எக்செலில் ஏற்றி மாதவாரியாகப் பிரித்தேன். தவணை தவறுவது வருடம் முழுக்கப் பரவியில்லை, ஜூனில் குவிந்திருந்தது. பள்ளி திறக்கும் மாதம். ஜூன் தவணையைப் பாதியாக்கி மிச்சத்தை அடுத்த இரண்டு மாதத்துக்குத் தள்ளலாம் என்று பரிந்துரைத்தேன். சராசரித் தவணைத் தொகையைச் சொல்லாமல் இடைநிலையைச் சொன்னேன், ஏனென்றால் நான்கு பெரிய கடன்கள் சராசரியை மேலே இழுத்துக்கொண்டிருந்தன."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். கூட்டுச்சராசரியா, இடைநிலையா என்று யோசித்து முடிவெடுத்தவர் என்பது அதில் தெரிகிறது. புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் இதைப் படித்தால் அந்த இடத்தில் நின்றுவிடுவார். "வலுவான திறன்" என்ற சொல் எங்கும் இல்லை, தேவையும் இல்லை.

நீளம் பற்றி ஒன்று: இது ஒரு பத்திக்கு மேல் போகக் கூடாது. எஸ்.ஓ.பி. உங்கள் நோக்கத்தைப் பற்றியது. அதைக் கணக்கு நோட்டாக்கிவிட வேண்டாம்.

எனக்கு அப்படி வேலை அனுபவமே இல்லையே?

நீங்களே ஒன்று செய்யலாம், செலவில்லாமல். மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பு, அதாவது பி.எல்.எஃப்.எஸ்., 2017இல் ஆரம்பித்தது. தனிநபர் அளவிலான தரவை அமைச்சகத்தின் தளத்தில் பதிவுசெய்து இறக்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டை மட்டும் பிரித்து ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தேடுங்கள்: கிராமத்தில் பட்டம் படித்த பெண்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? நகரத்தில்?

திறந்ததும் பயமாகத்தான் இருக்கும். இடைவெளியில்லாமல் எண்கள் வரிசையாக ஓடும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்த விவரம் என்பதை உடன் வரும் லேஅவுட் கோப்பைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது: மல்ட்டிப்ளையர். கணக்கெடுப்பில் வரும் ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எடை அது. அதைப் போடாமல் நேராக எண்ணினால் வரும் சதவீதம் தப்பு. உங்கள் விடையை அமைச்சகத்தின் ஆண்டறிக்கையிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டு பக்கக் குறிப்பு, ஒரு வரைபடம், அவ்வளவே போதும். ரெஸ்யூமேயில் ஒரு வரி ஆயிற்று, நேர்காணல் வந்தால் பேச விஷயமும் ஆயிற்று.

விண்ணப்பிக்க ஓரிரு வருடம் இருக்கிறது என்றால், கள ஆய்வு நிறுவனங்களில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை தேடுங்கள். தமிழ்நாடு அரசோடு 2014இலிருந்து சேர்ந்து வேலை செய்துவரும் ஜே-பால் தெற்காசியா போன்ற இடங்களில் கேள்விப்படிவம் தயாரிப்பது, தரவைச் சுத்தம் செய்வது, ஸ்டேட்டாவில் ஓட்டுவது எல்லாம் கைவேலையாகவே வந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? எங்கள் ஹெச்.ஓ.டி. "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்கிறார்.

இது நம் ஊரில் எல்லாருக்கும் நடப்பது. கடிதத்தை நீங்களே எழுதுவது சரியில்லை. பள்ளிகள் அதை ஏற்பதில்லை, தவிர மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். மறுத்துப் பேசி மனவருத்தம் வேண்டாம் என்றால், கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொண்டு போங்கள்: அவர் நடத்திய பாடம், நீங்கள் வாங்கிய மதிப்பெண், வகுப்பில் இடம், செய்த ப்ராஜெக்ட், அதில் பயன்படுத்திய முறை. "சார், உங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான்" என்று சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலானோர் அதை வைத்து நாலு பத்தி எழுதிவிடுவார்கள்.

மூன்று பேரில் ஒருவராவது உங்கள் எண் வேலையை நேரில் பார்த்தவராக இருக்கட்டும். புள்ளியியல் நடத்திய இளம் விரிவுரையாளரின் விவரமான கடிதம், உங்கள் முகமே தெரியாத முதல்வரின் கடிதத்தைவிட மேல். வேலையிடத்து மேலாளராக இருந்தாலும் சரி.

நான் பி.இ. முடித்தவன். இதெல்லாம் எனக்குத் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. எம்1, எம்2, எம்3 என்று அண்ணா பல்கலைக்கழகம் உங்களைப் படுத்தியதே போதும். உங்கள் பிரச்சினை நேர் எதிரானது: எழுதத் தெரியும், மனிதர்களைப் பற்றி யோசிக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும். அதற்குத் தனிப் பக்கம்தான் எழுத வேண்டும்.

எம்.பி.ஏ.வுக்கும் இதேதானா?

அடிப்படை ஒன்றுதான். தமிழில் எழுதினால் பொது நிர்வாகமும் வணிக நிர்வாகமும் ஒரே "எம்.பி.ஏ." ஆகிவிடுவது வேறு விஷயம். வணிகப் பள்ளி என்றால் ஜி.ஆர்.இ.க்குப் பதில் ஜிமேட்டும் எழுதலாம். இப்போதைய வடிவில் குவான்ட் 45 நிமிடம், 21 கேள்வி. வடிவியல் எடுக்கப்பட்டுவிட்டது, கால்குலேட்டர் கிடையாது. தரவு பற்றிய தனிப் பகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது, அதில் மட்டும் கால்குலேட்டர் உண்டு. மனக்கணக்கு வராதவர்களுக்கு ஜி.ஆர்.இ. கொஞ்சம் தேவலை.

கணக்கு அதிகம் கேட்கும் படிப்புகள் எவை?

பள்ளி ஒன்றாக இருந்தாலும் படிப்புக்குப் படிப்பு மாறும். ஹார்வர்டு கென்னடி பள்ளியில் பொதுக் கொள்கைப் படிப்புக்கும், சர்வதேச வளர்ச்சிக்கான பொது நிர்வாகப் படிப்புக்கும் நிறைய வித்தியாசம். இரண்டாவதற்கு நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பல மாறிகள் கொண்ட நுண்கணிதம் மூன்றையும் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எது இருந்தும் பயனில்லை. பொருளாதாரத்தில் பிஎச்.டி. என்றால் அது இன்னும் மேலே: நேரியல் இயற்கணிதம், ரியல் அனாலிசிஸ் வரை எதிர்பார்ப்பார்கள். பி.ஏ.விலிருந்து நேராக அங்கே தாவுவது கடினம். இடையில் இங்கேயே நல்ல எம்.ஏ. ஒன்று முடிப்பதுதான் நடைமுறை வழி.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

கெடு தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். இதில் ஒரு கணக்கு இடிக்கும். என்.பி.டெல் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். ஜூலையில் 12 வாரப் பாடம் எடுத்தால் தேர்வு அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ போய் நிற்கும், முடிவு வருவதற்குள் உங்கள் கெடு தாண்டிவிடலாம். ஜனவரிச் சுற்றில் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் 8 வாரப் பாடமாகப் பாருங்கள். ஜி.ஆர்.இ.யை ஆகஸ்டுக்குள் ஒரு முறை எழுதிவிட்டால், சரியாக வராவிட்டாலும் திரும்ப எழுத இடம் இருக்கும். பரிந்துரைக்கு ஆசிரியர்களைத் தீபாவளிக்கு முன்பே பாருங்கள். செமஸ்டர் தேர்வுத்தாள் திருத்தப் போய்விட்டால் பிடிக்க முடியாது.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளூர பயமாக இருக்கிறது. போய்ச் சமாளிக்க முடியுமா?

பல கொள்கைப் பள்ளிகள் வகுப்பு தொடங்கும் முன் ஆகஸ்டில் மேத் கேம்ப் நடத்துகின்றன. ஒன்றிரண்டு வாரம். இயற்கணிதம், வரைபடம், வகைக்கெழு என்று தூசி தட்டிவிடுவார்கள். கட்டாயம் இல்லை என்றாலும் போய்விடுங்கள். நான் போனபோது என் மேசையில் ஒரு முன்னாள் ராணுவ வீரர், ஒரு பத்திரிகையாளர், பெரு நாட்டிலிருந்து வந்த ஒரு நகராட்சி அதிகாரி. மூவருமே பின்னங்களைத் தொட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. பின்னக் கூட்டலை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்; கொஞ்சம் தெம்பு வந்தது. மதியம் தேவைக் கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பொருளியலில் விலையை நெடுக்கில் போடுவார்கள். விலைதான் சாரா மாறி, சாரா மாறி என்றால் கிடையச்சில்தான் என்று பிளஸ் டூவில் பழகிய கையோடு நான் கோட்டைத் தலைகீழாக வரைந்து வைத்திருந்தேன். இந்தத் தடவை திருத்திக் கொடுத்தவர் அந்த ராணுவ வீரர்.